ஏழாவது வளைவில் கேட்கும் சத்தம்

சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது: "1997இல் வாங்கிய, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பழைய கார்புரேட்டர் வைத்த மாருதி 800 என்னிடம் இருக்கிறது. ஏற்காட்டில் தம்பிக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருப்பதால் மாதம் இருமுறை மலையேறுகிறேன். சில மாதங்களாக, ஐந்தாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல எஞ்சினில் ஒரு சத்தம் வருகிறது. ஏழாவது வளைவில் அது அதிகம். பதினைந்துக்கு மேல் தானாக நின்றுவிடுகிறது. பங்கில் பிரீமியம் பெட்ரோல் போட்டால் சரியாகும் என்றார்கள். மூன்று முறை போட்டதில் சத்தம் நிற்கவில்லை. ஆனால் இழுவை கூடி, மைலேஜும் ஒரு கிலோமீட்டர் ஏறியதாகத் தெரிகிறது. பிளக் மாற்றியதும் அதே வாரத்தில்தான். பிரீமியம் என்பது அந்தக் காலத்து நல்ல பெட்ரோல், அதையே தொடர்ந்து போடுங்கள் என்கிறார் மருமகன். வீண் செலவு என்கிறார் மெக்கானிக். மேலே தம்பி வீட்டு வாசலில் வண்டி ஐடிலில் அமைதியாக ஓடுகிறது. சேலத்துக்கு இறங்கியதும் சிக்னலில் தடுமாறுகிறது. எந்தப் பெட்ரோலைப் போடுவது?"

ஐயா, வணக்கம்.

உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் சரி. சாதாரண பெட்ரோலையே போடுங்கள். அவர் காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நீங்கள் எனக்கு எழுத வேண்டி வந்திருக்காது. எங்கள் தொழிலில் பலருக்கும் கை பேசும் அளவுக்கு வாய் பேசுவதில்லை. முப்பது ஆண்டுகளாக இதே ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் எனக்கும் அந்தக் குறை உண்டு என்பதால், இந்த முறை கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிரீமியம் என்று விற்கப்படும் பெட்ரோலில் இரண்டு விஷயங்கள் கூடுதலாக இருப்பதாகச் சொல்வார்கள்: ஒன்று ஆக்டேன் எண், மற்றொன்று எஞ்சினைச் சுத்தமாக வைத்திருப்பதற்கான ரசாயனக் கலவை. ஆக்டேன் எண்ணைப் பெட்ரோலின் பலம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது பலம் அல்ல, பொறுமை. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வந்து அழுத்தும்போது, பிளக் நெருப்புப் பொறி தட்டி அதிலிருந்து பரவும் தீ வந்து சேரும் வரை, தானாக வெடித்துவிடாமல் பெட்ரோல் கலவை எவ்வளவு தூரம் பொறுத்திருக்கும் என்பதைக் காட்டும் எண் அது. 95 ஆக்டேன் பெட்ரோலில் 91 ஆக்டேனைவிட அதிகச் சக்தி அடங்கியிருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. அழுத்தம் அதிகமாக உள்ள எஞ்சினுக்குப் பொறுமை அதிகமான பெட்ரோல் வேண்டும். அழுத்தம் குறைவான எஞ்சினுக்கு அந்தக் கூடுதல் பொறுமையை வைத்துக்கொண்டு செய்வதற்கு எதுவும் இல்லை. உங்கள் வண்டியின் அழுத்த விகிதம் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற கணக்கு) ஒன்பதுக்கு ஒன்றைக்கூட எட்டாது. அது சாலைக்கு வந்த காலத்தில் பெரும்பாலான பங்குகளில் கிடைத்தது 87 ஆக்டேன் பெட்ரோல். அதைக் குடித்து ஓடுவதற்காகவே வடிவமைக்கப்பட்ட எஞ்சின் அது.

இன்றைய சாதாரண பெட்ரோலுக்கு வருவோம். பி.எஸ். 2 (பாரத் ஸ்டேஜ் எனும் புகைக் கட்டுப்பாட்டு விதி) காலத்தில் 88ஆக இருந்த குறைந்தபட்ச ஆக்டேன், பி.எஸ். 4 காலத்தில் 91 ஆனது. இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலப்பதால் அது 95 அளவுக்கு உயர்ந்திருப்பதாக, 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் அளித்தது. எத்தனாலின் சொந்த ஆக்டேன் 108க்கு மேல் என்பதால் இதில் வியப்பில்லை. ஆகவே நீங்கள் சாதாரணம் என்று கேட்டு வாங்கும் பெட்ரோலே, உங்கள் வண்டி பிறந்த நாளில் அதற்குக் கிடைத்ததைவிட ஆக்டேனில் மேலானது. பிரீமியம் போட்டும் சத்தம் நிற்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டியதில்லை.

மருமகன் சொன்ன "அந்தக் காலத்து நல்ல பெட்ரோல்" பற்றி ஒரு வார்த்தை. அந்த நாளில் 93 ஆக்டேன் என்று தனியாக ஒன்று விற்றார்கள்; அது அவர் நினைவில் இருக்கலாம். அன்றைக்கு ஆக்டேனை உயர்த்தப் பயன்பட்டது ஈயம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாடு முழுவதும் நின்றுபோனது. இன்றைய பிரீமியத்தில் ஈயம் கிடையாது; ஈயம் கலந்த அந்தப் பெட்ரோல் திரும்பி வரப்போவதும் இல்லை, வரவும் கூடாது. பெயரிலும் விலையிலும் இருக்கும் ஒற்றுமையைத் தவிர இரண்டுக்கும் உறவு இல்லை.

புது வண்டிகளில் பிரீமியம் போட்டால் சிலருக்கு வித்தியாசம் தெரிகிறதே என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். அவற்றின் எஞ்சினில் நாக்கிங் சத்தத்தை, அதாவது கலவை தானாக வெடிக்கும் சத்தத்தை, கேட்பதற்கென்றே ஒரு சென்சார் இருக்கிறது. பெட்ரோல் பொறுமையானது என்று தெரிந்தால், பொறி தட்டும் நேரத்தைக் கம்ப்யூட்டர் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, அதிலிருந்து கூடுதல் இழுவையை வாங்கிக்கொள்கிறது. உங்கள் வண்டியில் அந்த வேலையைச் செய்வது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு சின்ன எடைகளும், அவற்றைப் பிடித்திழுக்கும் ஸ்பிரிங்குகளும், கார்புரேட்டரிலிருந்து வரும் ஒரு மெல்லிய வேக்குவம் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பு) டியூபும்தான். நீங்கள் 87 போட்டாலும் 100 போட்டாலும் அவற்றுக்குத் தெரியாது. வேகத்தையும் வேக்குவத்தையும் மட்டும் பார்த்து, ஒரே கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கும்.

இனிச் சத்தத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது, எந்த வளைவில் தொடங்கி எந்த வளைவில் நிற்கிறது என்று எண்ணிக் குறித்திருந்ததுதான்; பள்ளி ஆசிரியர் பழக்கம் என்று நினைக்கிறேன். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டியும் இருக்கின்றன. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. உச்சிக்குப் போய்ச் சேரும்போது சேலத்தில் இருந்ததில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்திருக்கும். வெப்பமும் ஏழெட்டு டிகிரி இறங்கியிருக்கும். சிலிண்டருக்குள் குறைவான காற்று, அதுவும் குளிர்ந்த காற்று வந்தால் அங்கே அழுத்தமும் வெப்பமும் குறையும். பெட்ரோலுக்குப் பொறுமை குறைவாகவே போதும். அமெரிக்காவில் கொலராடோ போன்ற மலை மாநிலங்களின் பங்குகளில், சமவெளியைவிட ஆக்டேன் குறைந்த பெட்ரோலைச் சாதாரண வகையாக விற்றுவந்ததற்குக் காரணமும் இதுவே. மலை ஏறுகிறோம், வண்டிக்கு உயர்ந்த பெட்ரோல் வேண்டும் என்பது கேட்க நியாயமாகத் தோன்றினாலும், உயரம் செய்வது அதற்கு நேர் எதிரான வேலை. பதினைந்தாவது வளைவுக்கு மேல் உங்கள் சத்தம் நின்றுபோவது அதனால்தான்.

அப்படியானால் ஏழாவது வளைவில் ஏன் கேட்கிறது? அங்கே இன்னும் சேலத்து வெயில்தான், எஞ்சின் நன்றாகச் சூடேறிவிட்டது, காற்று கனமாகவே இருக்கிறது, சரிவு தொடங்கிவிட்டது. அதோடு, நீங்கள் எழுதவில்லையே தவிர நான் ஊகிப்பது, வண்டி மூன்றாவது கியரில் இருக்கிறது. பழைய 800 வைத்திருக்கும் பலரும் வளைவில் இரண்டாவதுக்கு மாற்றிவிட்டு, வளைவு முடிந்த உடனே, வேகம் கூடுவதற்கு முன்பே, மூன்றாவதுக்குப் போய் ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதிப்பார்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது முழுக் கலவையையும் உள்ளே தள்ளினால், தீ பரவி முடிவதற்கு முன் கலவைக்குத் தானாக வெடிக்கும் அவகாசம் கிடைத்துவிடுகிறது. அந்தக் கூழாங்கல் சத்தம் அதுதான். அடுத்த முறை ஐந்தாவது வளைவிலிருந்து பத்தாவது வரை இரண்டாவது கியரை விடாமல், எஞ்சின் கொஞ்சம் சத்தமாகப் பாடினாலும் பொருட்படுத்தாமல், ஏறிப் பாருங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை என்பதால் முதலில் இதைச் சொல்கிறேன்.

கியரால் பாதி குறைந்து மீதி நிற்காவிட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது டைமிங், அதாவது பிளக்கில் பொறி தட்டும் நேரம். யாரோ ஒருவர் ஏதோ ஒரு சர்வீஸில், பிக்கப் வேண்டும் என்று நீங்கள் கேட்டதற்காக, டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை முன்னால் திருப்பி வைத்திருக்கலாம். டைமிங் லைட்டைக் கையில் எடுக்காமல், காதை மட்டும் நம்பித் திருப்பும் வழக்கம் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறது. அதற்கும் அடுத்து, சிலிண்டர் தலையில் படிந்த கார்பன். இத்தனை ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஊருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டராக ஓடிய எஞ்சினில், பிஸ்டன் தலைமேல் அடுப்புக்கரி போல அது ஏறியிருக்கும். அது இடத்தை அடைப்பதால் அழுத்தம் கூடும்; நெருப்புத்துண்டு போலக் கனன்று, பிளக்குக்கு முன்பே தீ வைக்கவும் செய்யும். பிரீமியத்தில் உள்ள சுத்தம் செய்யும் கலவை இந்தக் கார்பனை எடுத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது முதன்மையாக வேலை செய்வது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் நுனியிலும் வால்வின் பின்புறத்திலும்; உங்கள் வண்டியில் இன்ஜெக்டரே கிடையாது. பிஸ்டன் தலையில் இறுகிப்போனதை ஹெட்டை, அதாவது சிலிண்டர் தலையை, கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

ஐடில் தடுமாற்றம் பற்றி நீங்கள் கேட்டது கடிதத்தின் கடைசியில் இருந்தாலும், உண்மையில் பெட்ரோலோடு தொடர்புள்ளது அது ஒன்றுதான். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஆகவே 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் அதே துளை வழியாக வந்தால் கலவை சற்று மெலிந்துபோகும். புது வண்டியின் கம்ப்யூட்டர் அதை உணர்ந்து கூடுதல் பெட்ரோலைத் தெளித்துச் சரிசெய்யும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. மலை மேலோ, காற்று மெல்லியதாக இருப்பதால் கார்புரேட்டரில் கலவை தானாகவே கொழுக்கும். எத்தனாலால் மெலிந்ததும் மலையால் கொழுத்ததும் ஏறக்குறைய ஈடாகிவிடுவதால், உங்கள் வண்டி தம்பி வீட்டு வாசலில் சமர்த்தாக நிற்கிறது. சேலம் ஐந்து ரோடு சிக்னலுக்கு வந்தால் மெலிவு மட்டும் மிஞ்சி, நடுங்குகிறது. ஐடில் மிக்ஸ்சர் ஸ்குரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று வெளியே திருப்பினால் பெரும்பாலும் தீரும். சேலத்தில் வைத்துத் திருப்புங்கள். ஏற்காட்டில் வைத்துத் திருப்பினால் கீழே வந்ததும் மறுபடி பழைய கதைதான்.

பிரீமியத்துக்கு மாறினால் எத்தனாலிலிருந்து தப்பலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. 95 ஆக்டேன் என்று விற்கப்படுவதிலும் எத்தனால் இருக்கிறது. எத்தனால் கலக்காதது என்று சொல்லி விற்கப்படுவது 100 ஆக்டேன் வகை. இந்தியன் ஆயில் அதை 2020 டிசம்பரில் அறிமுகப்படுத்தியபோதே லிட்டர் 160 ரூபாய். பெரிய நகரங்களில், அதுவும் குறிப்பிட்ட சில பங்குகளில்தான் கிடைக்கும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிறுத்திவைக்கும் பழம்பெரும் வண்டிக்கு, நிறுத்தும் முன் ஒரு டேங்க் போட்டு வைப்பதில் அர்த்தம் உண்டு. மாதம் இருமுறை மலையேறும் வண்டிக்கு இல்லை.

எத்தனாலைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் ஆக்டேன் அல்ல, ரப்பர். சென்ற மழைக்காலத்தில் உங்கள் வண்டியைப் போன்ற ஒன்று, ஏற்காட்டில் மூன்று வாரம் பனியில் நின்றிருந்து, இறங்கும் வழியில் அணைந்து அணைந்து என்னிடம் வந்து சேர்ந்தது. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தைக் கழற்றியபோது, அடியில் கால் அங்குலத்துக்கு, நொங்குத் தண்ணீர் போலக் கலங்கிய திரவம். அதன்மேல் தெளிந்த பெட்ரோல். பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் பித்தளை வாயைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் டியூபை விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்கினேன். ஊறவைத்த கொண்டைக்கடலைத் தோல் போல மேல்படலம் வழுக்கிக்கொண்டு வந்தது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். 1997இல் பொருத்திய டியூபும், பெட்ரோல் பம்பின் ரப்பர் சவ்வான டயாபிரமும் இதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. 20 விழுக்காட்டுக்கு ஏற்ற பொருள்களால் வண்டிகள் வரத் தொடங்கியதே 2023 ஏப்ரலில்தான். ஆகவே டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள எல்லா ரப்பர் டியூபுகளையும், எத்தனாலுக்கு ஏற்றது என்று அச்சிட்ட டியூபாக மாற்றுங்கள். டயாபிரம், பெட்ரோல் பில்டர் இரண்டையும் அத்தோடு மாற்றிவிடுங்கள். தம்பி வீட்டில் வண்டி சில நாள் நிற்கும் என்றால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். காலியிடம் குறைந்தால் உள்ளே வரும் ஈரக்காற்றும் குறையும்.

மைலேஜ் ஏறியது பற்றி. உங்கள் வார்த்தையை நான் சந்தேகிக்கவில்லை, கணக்கைத்தான் சந்தேகிக்கிறேன். ஆட்களோடு சேர்த்து 900 கிலோ எடையுள்ள வண்டியை 1,200 மீட்டர் உயரம் தூக்குவதற்கு மட்டும், எஞ்சினின் வீணாக்கலையும் சேர்த்தால், ஒரு லிட்டருக்கு மேல் பெட்ரோல் போய்விடும். இறங்கும்போது அதில் ஒரு பகுதியே திரும்பக் கிடைக்கும். ஒரு டேங்கில் இரண்டு முறை மலையேறி, அடுத்த டேங்கில் ஒரே முறை ஏறியிருந்தால், பெட்ரோலை மாற்றாமலே கிலோமீட்டர் கூடும். போதாததற்கு அதே வாரத்தில் பிளக்கும் மாற்றியிருக்கிறீர்கள். தேய்ந்த பிளக்கை மாற்றியவருக்கு இழுவை கூடியதாகத் தெரிவது இயல்பு, அது பொய்யும் அல்ல. அந்தப் பெருமையைப் பிளக்குக்குக் கொடுங்கள். அளந்தே தீர வேண்டுமென்றால், ஒரே பங்கில், ஒரே குழாயில், தானாக நின்றதும் மேலே ஒரு சொட்டும் போடாமல் நிரப்பி, மலைக்குப் போகாத இரண்டு டேங்குகளை ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனால் வந்த பிறகு மைலேஜ் குறைந்தது என்று மற்றவர்கள் சொல்வது கற்பனை அல்ல: எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 விழுக்காட்டுக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 விழுக்காடு குறையலாம் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே கூறுகிறது. 95 ஆக்டேன் பிரீமியம் அந்தக் குறையை ஈடுகட்டாது.

செலவைப் பார்ப்போம். மாதம் 40 லிட்டர், லிட்டருக்கு எட்டு ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3,840 ரூபாய். நான் மேலே சொன்ன டியூபுகள், பில்டர், டயாபிரம், டைமிங், கார்புரேட்டர் சுத்தம் எல்லாமே பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். மிச்சம் இருந்தால் பிரேக் ஆயிலை மாற்றி, பின் சக்கர லைனிங்கைத் திறந்து பாருங்கள். ஏற்காட்டுக்குப் போகும் வண்டியில் ஏறுவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், இறங்குவதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் ஆர்.சி. ஐந்தாண்டுக் கணக்குப்படி 2027இல் புதுப்பிக்க வர வேண்டும்; அப்போது ஆய்வாளர் பார்ப்பதும் பிரேக்கைத்தான், நீங்கள் எந்தப் பெட்ரோல் போடுகிறீர்கள் என்பதை அல்ல.

மருமகனின் வண்டி டர்போ எஞ்சினாகவோ, அழுத்த விகிதம் பதினொன்று, பன்னிரண்டு என்று உள்ளதாகவோ இருந்தால், கையேட்டில் 95 என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போட்டிருந்தால் அவர் தாராளமாகப் போடட்டும்.

கடைசியாக, மெக்கானிக்கை அடுத்த முறை ஏழாவது வளைவு வரை உடன் அழைத்துக்கொண்டு போங்கள். கியரை மாற்றியும் ஏழாவது வளைவில் சத்தம் தொடர்ந்தால், ஓரமாக நிறுத்தி, இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, போல்ட்டைத் தளர்த்தி இரண்டு மூன்று டிகிரி பின்னால் திருப்பி, அதே வளைவை மறுபடி ஏறச் சொல்லுங்கள். சத்தம் நின்றால் அது நாக்கிங்தான். டைமிங் லைட் வைத்துச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, அதன் பிறகும் மிச்சம் இருந்தால் ஹெட்டைக் கழற்றிக் கார்பன் எடுக்கலாம். திருப்பிய பிறகும் சத்தம் துளியும் குறையவில்லை என்றால் அதற்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தமே இல்லை. சைலன்சரின் தகடு ஆடுகிறதா, வால்வைத் திறக்கும் டேப்பட்டின் இடைவெளி கூடிவிட்டதா, அல்லது பேரிங் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பேரிங்காக இருக்கும் என்று சந்தேகம் வந்தால், அன்றைக்கு மேலே போகாமல் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள்.